கை கழுவுறதைப் பற்றிக் கேட்டவை: கேள்வி பதில்

கல்லடி, ஒரு தாய்: சேர், மகன் சவர்க்காரம் போட்டுத்தான் கை கழுவுறான். ஆனாலும் அடிக்கடி வயிற்றோட்டம் வருது. ஏன்?

தங்கச்சி, அவன் கழுவும்போது நுரை எங்க படுது எண்டு ஒருக்காப் பாருங்க. அனேகமா உள்ளங்கை ரெண்டும் நுரையா இருக்கும். பெருவிரலும் விரல் நுனியும் அப்படியே கிடக்கும். சோற்றைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோறது அந்த இடங்கள்தான். கிருமி கூடுதலாத் தங்குறதும் நகத்துக்கு அடியில. கையை நனைச்சு, பைப்பை மூடி, சவர்க்காரம் போட்டுக் குறைஞ்சது 20 செக்கன் தேய்க்கணும்: புறங்கை, விரலிடுக்கு, பிறகு பெருவிரலைப் பொத்திப் பிடிச்சுத் திருகணும், கடைசியா விரல் நுனிகளை மற்ற உள்ளங்கையில சுரண்டணும். சவர்க்காரம் எல்லாக் கிருமியையும் கொல்லாது. தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசையோட சேர்த்துக் கழட்டிவிடும். ஓடுற தண்ணிதான் அதைக் கொண்டுபோகும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்க. முழு வீடும் பாவிக்கிற ஈரத் துவாயில துடைக்க விடாதீங்க, கழுவினது வீண். உதறிக் காயவிட்டாலே போதும். இவ்வளவும் செய்தும் நிக்காட்டி, குடிக்கிற தண்ணியைப் பாருங்க, பிள்ளையை டொக்டரிட்டக் காட்டுங்க.

கல்முனை, மீன் வியாபாரி: சனிடைசர் பூசிட்டுத் தேத்தண்ணி குடிச்சாக் காணாதா?

காணாது தம்பி. 60 வீதத்துக்குக் குறையாம அல்கஹோல் இருக்கிற சனிடைசரும், செதிலும் வழுவழுப்பும் படிஞ்ச கையில சரியா வேலை செய்யாது. வாந்தி, வயிற்றோட்டம் கொண்டுவாற நோரோ வைரசுக்கு அது நல்லா எடுபடுறதும் இல்ல. 5 லீற்றர் கேன் ஒண்டின்ட அடிப்பக்கத்தில ஆணியால சின்ன ஓட்டை போடுங்க. மூடியை இறுக்கினாத் தண்ணி நிக்கும், தளர்த்தினா ஓடும். சவர்க்காரத்தைப் பழைய வலைத்துண்டில கட்டிப் பக்கத்தில தொங்கவிடுங்க.

வாகரை: வெள்ளம் வடிஞ்ச கிணற்றுத் தண்ணியில கை கழுவலாமா?

தெளியவிட்டு, சவர்க்காரத்தோட கழுவலாம். கழுவாம விடுறதை விட எவ்வளவோ மேல். சாப்பிட முதலும் பிள்ளைக்கு ஊட்ட முதலும் கொதிச்சு ஆறின தண்ணியை எடுங்க. வாளிக்குள்ள கையை விட்டு அலசக் கூடாது, ஒராள் ஊத்த மற்றாள் கழுவணும். கிணற்றுக்குக் குளோரின் போடுறதை பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) விடுங்க. நிக்கிற தண்ணியை அளந்துதான் போடணும், கண்மதிப்பில போடக் கூடாது.

அக்கரைப்பற்று: வயலால வந்து கை கழுவினா எலிக்காய்ச்சல் வராதா?

அது மட்டும் போதாது. எலி மூத்திரம் கலந்த தண்ணியால கிருமி கால் வெடிப்புக்குள்ளாலயும் போகும். புண்ணை மூடிக்கொண்டு இறங்குங்க. தடுப்பு மாத்திரையைப் பற்றி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில கேளுங்க.

களுவாஞ்சிக்குடி, சாப்பாட்டுக் கடை: கையுறை போட்டாக் கை கழுவத் தேவையில்லைத்தானே?

காசு வாங்கின கையுறையாலயே சோற்றுப் பார்சல் கட்டினா வெறுங்கையை விட மோசம். அழுக்குத் தெரியாது, கழுவ நினைப்பும் வராது. போட முதல் கழுவுங்க, வேலை மாறினாக் கையுறையையும் மாத்துங்க. விரல்ல சீழ் வைச்ச புண் இருக்கிற ஆளை நல்லாக் கவனியுங்க. அதில இருக்கிற ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமி சோற்றில பெருகி நஞ்சை விடும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, சில மணித்தியாலத்துக்குள்ள வாந்தி தொடங்கிரும். புண் ஆறுமட்டும் அவரைக் காசு மேசையில இருத்துங்க.