குளிர் தாங்கும் நெல்லும் முல்லைத்தீவுப் பிள்ளையும்

ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மருத்துவபீட வெட்டுப்புள்ளி காணவில்லை, விவசாயபீடம் கிடைத்திருக்கிறது. அவளோ பயிர்களில் குளிர் தாங்கும் மரபணுக்களைத் தேடும் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். "வன்னியில ஏது குளிர்? இதைப் படிச்சு ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

ஒரு நெல்மணியை விரலால் நசுக்கிப் பாருங்கள். தட்டையாக அமுங்கினால் அது சப்பி, உள்ளே அரிசி இல்லாத வெறும் உமி. கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கிற குடலைப் பருவத்தில் கடுங்குளிர் பட்டால் மகரந்தம் சரியாக உருவாகாது. கதிர் நிமிர்ந்து நிற்கும், மணி பிடிக்காது. 1993 இல் யப்பானில் கோடை குளிர்ந்து விளைச்சல் விழுந்து, அந்த நாடே வெளியில் அரிசி வாங்கியது. எங்கள் பக்கம் பூக்கிற நேரம் வெப்பம் 35 பாகையைத் தாண்டினாலும் அதே சப்பிதான்.

மரபணுவைத் தேடுகிற முறையும் அப்படித்தான், குளிர், வெப்பம், வெள்ளம் எல்லாவற்றுக்கும் பொது. தாங்கும் இனத்தையும் தாங்காத இனத்தையும் கலந்து, பிறக்கிற நூற்றுக்கணக்கான பயிர்களைக் குளிர் அறையில் வளர்ப்பார்கள். பிழைத்தவற்றில் மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தத்தின் எந்தத் துண்டு பொதுவாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சுருக்கிக்கொண்டு போவார்கள். நெல் நாற்று குளிரை உணர உதவும் 'கோல்ட்1' மரபணுவைச் சீன விஞ்ஞானிகள் 2015 இல் இப்படித்தான் பிடித்தார்கள். மரபணுவை ஒரு நீண்ட எழுத்து வரிசையாக நினைத்தால், அதில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பதுதான் தாங்கும் தன்மைக்குக் காரணம். இதே வழியில் 2006 இல் கிடைத்த 'சப்1ஏ' என்ற மரபணு, வெள்ளத்துக்குள் இரண்டு கிழமை அளவில் மூழ்கிக் கிடந்த நெல்லையும் பிழைக்க வைக்கிறது. ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து வந்தது அது. காலபோகத்தில் வெள்ளம் பார்த்த உங்களுக்கு இதன் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

வைத்தியராக முடியாதவர்களின் மிச்சப்படிப்பு விவசாயம் என்ற எண்ணம் எனக்கு மனவருத்தம் தருகிறது. யாழ் பல்கலைக்கழக விவசாயபீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு வருடம். படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் முதல் வருடம் பிள்ளை திணறலாம், இப்போதே வாசிக்கத் தொடங்கட்டும். மரபணு ஆராய்ச்சிக்கு முதுமாணியும் கலாநிதிப் பட்டமும் வேண்டும். நல்ல பெறுபேறு இருந்தால் வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். அவ்வளவு தூரம் போக விருப்பமில்லாவிட்டால் விவசாயத் திணைக்களம் இருக்கிறது. புதிய நெல்லினங்களை உருவாக்கும் பத்தலகொடை நிலையமும் அதன் கீழேதான் வருகிறது.

இன்னொரு முறை பரீட்சை எழுதச் சொல்லி அவளை வருத்த வேண்டாம். கிடைத்த இடத்துக்குக் காலக்கெடுவுக்குள் பதிவு செய்யுங்கள். இந்த முறை அறுவடையில் பிள்ளை வரம்பில் நின்று சப்பிக் கதிரைப் பிரித்துப் பார்த்தால், எந்தக் கிழமை பூத்தது, அப்போது வெயிலா மழையா என்று கொப்பியில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். விதைத்த திகதி உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். அதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.