அதிகம் பழக்கமில்லாத ஒருவர் உங்கள் குடும்பத்துக்குச் செய்த மறக்க முடியாத உதவி எது?

என் கைப்பேசியில் ‘தையல் மெஷின் தொழுதூர்’ என்று பதிந்து வைத்திருந்த எண்ணுக்குரியவர் செய்த உதவியைத்தான் சொல்வேன்.

2023 மே மாதம், கத்திரி வெயில் நாட்களில், மதுரையில் ஓர் உறவினர் திருமணத்துக்காகச் சென்னையிலிருந்து காரில் புறப்பட்டோம். கணவர் ஓட்டினார், பின்னிருக்கையில் அம்மாவும் ஏழு வயது மகளும் இருந்தார்கள். உளுந்தூர்பேட்டையைக் கடந்து, வேப்பூரையும் தாண்டிய பிறகு ஏசியிலிருந்து வெக்கைக் காற்று வரத் தொடங்கியது. கணவர் குனிந்து பார்த்தபோது சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டில் நின்றது. ஓரம்கட்டி நிறுத்துவதற்குள் பானெட் இடுக்கிலிருந்து ஆவி பீறிட்டது. நண்பகல் பன்னிரண்டரை மணி. சாலையின் இரு புறமும் உழுதும் உழாமலும் கிடந்த கரிசல் காடுகள், ஒதுங்குவதற்கு ஒரே ஒரு கருவேல மரம். காப்பீட்டின் வழியாகக் கிடைக்கும் சாலை உதவி எண்ணை அழைத்தபோது, வண்டி வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள்.

வண்டியைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று இருந்தது. அம்மா சர்க்கரை நோய்க்காக இன்சுலின் போட்டுக்கொள்பவர். நான்கு நாட்களுக்கான மருந்தை ஐஸ் வைத்த சிறு பையில் எடுத்து வந்திருந்தோம். திறந்து பார்த்தபோது ஐஸ் முழுவதும் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது. இந்தப் பகுதியில் நமக்கு யாரைத் தெரியும் என்று தேடியபோதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, அம்மாவின் பழைய தையல் இயந்திரத்தை விற்பதாக இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தோம். தொழுதூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டர் வைத்திருக்கும் ஒருவர் தம் மகளுக்காக அதை வாங்கிப் போக வந்தார். எங்கள் வீட்டில் அவர் இருந்தது ஒரு மணி நேரம்கூட இராது. பணத்தைக் கொடுத்தார், காப்பி குடித்தார், இயந்திரத்தைச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகு ஒரு பொங்கல் வாழ்த்தைத் தவிர எங்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. அவரை அழைக்கவே கூச்சமாக இருந்தது. யார் என்று சொல்லி, நிற்கும் இடத்தையும் சொன்னேன். நான் உதவி கேட்கும் முன்பே அவர் கேட்டது ஒன்றுதான்: “ரேடியேட்டர் மூடியைத் திறந்துட்டீங்களா?” கணவர் அப்போது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அதைத்தான் திறக்கப் போய்க்கொண்டிருந்தார். “தொடவே வேண்டாம்மா, கொதிதண்ணி மூஞ்சியில அடிச்சிரும். பச்சைத் தண்ணியும் ஊத்தாதீங்க, இன்ஜின் வெடிப்பு விட்டுரும். எல்லாரும் ரோட்ட விட்டு எறங்கி நில்லுங்க, வர்றேன்” என்றார். அந்த ஒரு கேள்விக்காக மட்டுமே நான் ஆயுள் முழுவதும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அரை மணி நேரத்துக்குள் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஒன்றில் அவரும் அவர் மனைவியும், நடுவில் ஒரு தண்ணீர் கேன். மற்றொன்றில் கருவிப் பையோடு ஒரு மெக்கானிக். அந்த அக்கா எங்களிடம் வந்ததும் முதலில் மகளின் தலையில் ஈரத் துண்டைப் போட்டார். இன்சுலின் பையைப் பற்றிச் சொன்னதும் அதை வாங்கிக்கொண்டு, அம்மாவையும் மகளையும் அவ்வழியே வந்த தெரிந்தவரின் ஆட்டோவில் ஏற்றித் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டார்.

எஞ்சின் ஆறும் வரை மெக்கானிக் எதையும் தொடவில்லை. பிறகு பார்த்ததில், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் கிளாம்ப்புக்கு அருகில் விரல்நீளத்துக்கு வெடித்திருந்தது. வெடித்த நுனியை மட்டும் கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த ஹோஸை இழுத்துப் பொருத்திப் புதுக் கிளாம்ப் போட்டு முறுக்கினார். தண்ணீர் நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, கசிவு இல்லை என்று இருமுறை தடவிப் பார்த்த பிறகே விட்டார். இது பெரம்பலூர் வரைக்கும்தான், அங்கே புது ஹோஸும் கூலண்டும் போட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

தொழுதூர்க்காரர் எதையும் வாங்கவில்லை. கோடை உழவு நேரத்தில், கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்த டிராக்டரை அடுத்தவர் காட்டில் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கு வந்த ஓர் அழைப்பிலிருந்துதான் எங்களுக்குத் தெரிந்தது. மணிக்கணக்கில் கூலி பேசும் தொழிலில் அந்தப் பிற்பகல் அவருக்கு எவ்வளவு இழப்பு என்று கணவர் கணக்குப் போட்டுப் பணத்தை நீட்டியபோது, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “அன்னைக்கு அம்மா பாபின் டப்பாவையும் ஊசியையும் காசில்லாமத்தானே சேத்துக் குடுத்தாங்க” என்றார். எனக்கு அது நினைவிலேயே இல்லை.

அம்மாவை அழைத்துவர அவர் வீட்டுக்குப் போனோம். இன்சுலின் அவர்களுடைய குளிர்சாதனப் பெட்டியில், மோர்ச் செம்புக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா சன்னலோரம் தம் பழைய இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, அதன் பலகையில் நான் சிறுமியாக இருந்தபோது இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சுட்ட கறுப்பு வடுவைத் தடவிக்கொண்டிருந்தார். அருகில் நின்ற அவர்களுடைய மகள், நூல் அறுந்துகொண்டே இருப்பதாகச் சொல்லி வழி கேட்டுக்கொண்டிருந்தாள். எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. கிளம்பும்போது மூன்று மணி. பெரம்பலூரில் ஹோஸை மாற்றிக்கொண்டு, இரவு மதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இப்போது மாதம் ஒருமுறையாவது பேசிக்கொள்கிறோம்; பேசுவது பெரும்பாலும் அம்மாவும் அந்தப் பெண்ணும்தான். வரும் தை மாதம் அவளுக்குத் திருமணம். பத்திரிகை வந்த அன்றே அம்மா தம்முடைய பெரிய தையல் கத்திரிக்கோலைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டார்.