உச்சி வெயிலில் மணமக்களைப் படமெடுக்கும்போது கண்குழிகளில் விழும் கருநிழலைத் தவிர்ப்பது எப்படி?

வெயில் தலைக்கு மேலிருந்து செங்குத்தாக விழுவதால்தான் கண்குழிகளும் மூக்கின் அடியும் இருண்டுபோகின்றன. ஆகவே முதலில் மாற்ற வேண்டியது மணமக்கள் நிற்கும் இடத்தை. கட்டட நிழலின் விளிம்புக்குச் சற்று உள்ளே, திறந்த வானத்தை நோக்கி அவர்களை நிறுத்தினால் முகத்தில் மென்மையான ஒளி சீராகப் படரும். (மர நிழல் வேண்டாம், இலைகளின் ஊடாக விழும் ஒளிப்பொட்டுகளைப் பின்னர் திருத்துவது பெரும்பாடு.) நிழலே இல்லாத இடத்தில் சூரியனை அவர்களின் முதுகுப்பக்கம் வைத்து, முகத்தை ஃபிளாஷால் நிரப்பலாம். ஆனால் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப்/2.8 (லென்ஸ் துவார அளவு) அமைப்பில் வெயில் படும் பின்னணிக்கு ஏறத்தாழ 1/3200 நொடி ஷட்டர் வேகம் தேவைப்படும். பெரும்பாலான கேமராக்களிலோ ஃபிளாஷ் ஒத்திசைவு (ஃபிளாஷோடு சேர்ந்து ஷட்டர் இயங்கக்கூடிய உச்ச வேகம்) 1/200 அல்லது 1/250 நொடியோடு நின்றுவிடும் என்பதால், அந்த வரம்பைத் தாண்டியும் ஃபிளாஷை இயங்கவைக்கும் அதிவேக ஒத்திசைவையோ ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரையோ நாட வேண்டியிருக்கும். வெண்ணிற உடை வெளிறிப்போகாதபடி எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) சற்றுக் குறைத்து, பின்னர் திருத்த இடம்தரும் மூலப் பதிவான ரா கோப்பாகப் பதிவுசெய்யுங்கள்.