மல்யுத்த பொம்மைகள் பிசுபிசுத்தால் என்ன செய்வது?

கேள்வி: ஜாக்ஸ், மேட்டல் நிறுவனங்கள் தயாரித்த மல்யுத்த வீரர் பொம்மைகள் நிறைய வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் ஸிப்லாக் பையில் போட்டு, வீட்டின் பாம் ஷெல்டரில் (தடித்த சுவர் கொண்ட பாதுகாப்பு அறை) பெட்டியில் அடுக்கியிருந்தேன். சில ஆண்டுகள் கழித்து எடுத்தால் கைகால் எல்லாம் பிசுபிசுக்கிறது. ஒரு பொம்மையின் முட்டி மடங்கவே மறுக்கிறது. காப்பாற்ற முடியுமா? – சிங்கப்பூர் தெம்பனிஸ் வாசகர்

பதில்: முடியும். முதலில் அந்தப் பைகளைத் தூக்கிப் போடுங்கள், வினையே அங்குதான். மென்மையான பிவிசி பிளாஸ்டிக் வளைந்துகொடுப்பதற்காக அதில் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். வெப்பத்தில் அது மெல்ல மேலே கசியும். காற்றோட்டம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிவிடும். மூடிய பைக்குள் போக வழியில்லாமல் பொம்மையின் மேலேயே படிந்து கிடக்கும். பாம் ஷெல்டர் கதவையும் சாத்தி வைத்தால் கேட்கவே வேண்டாம். அலமாரியில் தூசி படிய நிற்கும் பொம்மை பெரும்பாலும் இதைவிட நன்றாகவே இருக்கும்.

கழுவுவதற்கு முன் சட்டை, பெல்ட், முட்டிப்பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று சொட்டு போதும். குழந்தைகளின் பல் துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள். பச்சை குத்திய இடங்களும் உடையில் உள்ள எழுத்துகளும் மெல்லிய அச்சு, தேய்த்தால் போய்விடும். அங்கே ஈரப் பஞ்சால் ஒற்றினால் போதும். பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் உலரட்டும், வெயிலில் வேண்டாம். நகப்பூச்சு நீக்கியையும் ஆல்கஹாலையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், சாயம் கரைந்துவிடும். சில வாரங்களில் பிசுபிசுப்பு திரும்ப வரலாம். உள்ளே மிச்சமிருப்பது வெளியே வருகிறது, அவ்வளவுதான், மறுபடி கழுவுங்கள்.

1990 முதல் 1994 வரை வந்த ஹாஸ்பிரோ நிறுவனத்தின் மல்யுத்த பொம்மைகள் உங்களிடம் இருந்தால் அவற்றை நீரில் முக்கவே கூடாது. பலவற்றில் குத்துவிடும் அசைவுக்காக உள்ளே உலோகச் சுருள்வில் இருக்கிறது. துருப்பிடித்தால் மூட்டு வழியே செம்பழுப்பாகக் கசியும். ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முட்டி இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் சாயம்தான் காரணம். மூட்டின் இடுக்கில் பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. பலம் காட்டினால் உள்ளிருக்கும் ஆணி முறிந்துவிடும். கொதித்த நீரை ஐந்து நிமிடம் ஆறவிட்டு, பொம்மையின் காலை மட்டும் ஒரு நிமிடம் அதில் வையுங்கள். முட்டிக்கு மேலும் கீழும் நெருக்கமாகப் பிடித்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள், திருகாதீர்கள். பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கோடு தெரிந்தால் உடனே நிறுத்தி மறுபடி சூடாக்குங்கள். அசையத் தொடங்கியதும் ஒரு சொட்டு சிலிகோன் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியைப் பிடித்துக் கருத்துப்போகும். கால் கோணலாகி நிற்க முடியாத பொம்மைக்கும் இதே வெந்நீர்தான்: இளகியதும் நிமிர்த்திப் பிடித்து, ஐஸ் தண்ணீரில் முக்கினால் அப்படியே நிலைக்கும்.

தோல் போலத் தெரியும் கோட்டு, மேலங்கி போன்றவை உதிரத் தொடங்கியிருந்தால் அதற்கு வைத்தியம் இல்லை. பாலியூரித்தேன் பூச்சை ஈரப்பதம் சிதைத்துவிடுகிறது. அலமாரியில் கிடந்த காலணியின் அடிப்பாகம் பொடிப்பொடியாவதும் இதனால்தான். துகள்கள் பொம்மையில் ஒட்டுவதற்குள் கழற்றிவிடுங்கள். கருஞ்சாயத் துணியும் வெளிர் நிற உடலில் கறை ஏற்றும், அதைத் தனியாக வையுங்கள்.

இனி எங்கே வைப்பது? மேற்கு வெயில் படாத சுவரோரம் கண்ணாடி அலமாரி இருந்தால் போதும், கதவை அவ்வப்போது திறந்துவிடுங்கள். விலை உயர்ந்தவற்றுக்கு, கேமராக்காரர்கள் வாங்கும் மின்சார ட்ரை கேபினட்டை (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) 45–50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கலாம். பெட்டியில்தான் வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் வெள்ளை டிஷ்யூ தாளில் சுற்றி, ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, மூடியை இறுக்காமல் விடுங்கள். மல்யுத்த மேடை போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கின் மேல் பொம்மையைப் படுக்க வைத்தால் அதே பிளாஸ்டிசைசர் மேடையை இளக்கித் தடம் பதித்துவிடும்.

பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு எதிரி வேறு. ஈரத்தில் அட்டை நெளியும், பசை விட்டு பிளாஸ்டிக் மூடி கழன்றுவிடும், ராமபாணப் பூச்சி காகிதத்தை அரிக்கும். அவற்றைத் தரையிலிருந்து தள்ளி, நிமிர்த்தி, ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் வையுங்கள்.