வாக்கி டாக்கி சார்ஜர் ஸ்டாண்டின் அடாப்டர் போய்விட்டது. பின் பொருந்தும் வேறு அடாப்டரைப் போடலாமா?

"வீட்டில் கிடந்த ஒரு அடாப்டரின் பின் கச்சிதமாகப் பொருந்துகிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்த்தீர்கள், இன்னும் சுவிட்சைப் போடவில்லை என்று நம்புகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரன், கணக்கு வாத்தியார். இதையெல்லாம் பொறியாளர்தான் சொல்ல வேண்டும் என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். எழுதட்டும். ஒரு சார்ஜர் ஸ்டாண்டைத் தன் கையாலேயே எரித்த அனுபவம் அவர்களுக்கு இருந்தால் அதையும் சேர்த்து எழுதட்டும்.

2023 மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது இது. வெளியூர்க்காரர்களுக்காக: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பார்கள். கழற்றக்கூடிய சாமான் எல்லாம் வீட்டுக்கு வந்துவிடும். என் மச்சினன் விசைப்படகு ஓட்டுகிறான். அவனுடைய கையடக்க வயர்லெஸ் செட்டும் சார்ஜர் ஸ்டாண்டும் என் வீட்டு அலமாரிக்கு வந்தன. (உரிமம் இருக்கிறதா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: இருக்கிறது.) கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் செல்போன் செத்துப்போகும், இல்லையென்றால் இலங்கை டவரைப் பிடிக்கும். ஆபத்து என்றால் அந்த செட்டில் 16-ஆம் சேனல்தான் துணை. அதனால் அதை விளையாட்டுப் பொருளாக நினைத்துத் தொட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது செட்டுக்குச் சார்ஜ் ஏற்ற எடுத்தால் அடாப்டர் வேலை செய்யவில்லை. ஒயர் பின்னோடு சேரும் இடத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உப்புக்காற்று. எங்கள் ஊரில் எந்தச் சாமானும் வயதாகிச் சாவதில்லை, களிம்பு பிடித்துத்தான் சாகும். அடாப்டர் மேலிருந்த எழுத்தும் மொத்தமாக அழிந்துபோயிருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா நிறைய அடாப்டர் இருக்கும் என்று நினைக்கிறேன். யாருக்கும் தூக்கிப்போட மனசு வராது. நான் அதில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கவில்லை. ஸ்டாண்டைத் திருப்பிப் பார்த்தேன், பிளாஸ்டிக்கிலேயே "9 வோல்ட்" என்று புடைப்பாக இருந்தது. டப்பாவைத் தேடினேன். கோயில் பாட்டுக் குழுவில் நான் வாசிக்கும் பழைய கீபோர்டின் அடாப்டர் கிடைத்தது. 9 வோல்ட், 850 மில்லி ஆம்பியர். ஸ்டாண்டு கேட்பது 600. பின்னும் பொருந்தியது. "மச்சான் இருக்கப் பயமேன்" என்று மச்சினனிடம் பெருமையடித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. பத்து விநாடியில் ஒரு வாசனை. கருகிய ரப்பரும் அழுகிய மீனும் சேர்ந்தாற்போல. மச்சினன் ஸ்டாண்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

மறுநாள் ராமநாதபுரம் பஸ் ஏறினேன். அங்கே பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். ஸ்டாண்டை வாங்கி மோந்து பார்த்தார். "எதைப் போட்டீங்க?" கீபோர்டு அடாப்டரைக் கொடுத்தேன். சுவரில் செருகி, வோல்ட் அளக்கும் மீட்டரின் சிவப்புக் கம்பியைப் பின்னின் ஓட்டைக்குள்ளும் கறுப்பை வெளிப்பக்கமும் வைத்து, மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மைனஸ் 12.8.

மைனஸ் குறியை விட்ட பிள்ளைகளுக்கு இருபது வருடமாக மதிப்பெண் வெட்டிக்கொண்டிருப்பவன் நான். அந்த மீட்டரைப் பார்த்தபடி சற்று நேரம் பேச்சு வரவில்லை.

அந்த ஒரே எண்ணில் என்னுடைய இரண்டு தப்பு இருந்தது. ஒன்று, மின்சாரத்தைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலான அடாப்டர்களில் பின்னின் உட்பக்கம் பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ். சில பழைய கீபோர்டுகளிலும், கிட்டார் பெடல்களிலும் இது மாறி இருக்கும். உள்ளேதான் மைனஸ். இதை எழுத்தில் போடமாட்டார்கள், படமாகப் போட்டிருப்பார்கள். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பிறை மாதிரி ஒரு வளைவு, புள்ளியிலிருந்து ஒரு பக்கமும் பிறையிலிருந்து மறுபக்கமும் கோடு. புள்ளியின் கோடு போய்ச் சேரும் இடத்தில் பிளஸ் இருந்தால் உட்பக்கம் பிளஸ். அடாப்டரிலும் ஸ்டாண்டிலும் இந்தப் படம் ஒன்றுபோல இருக்க வேண்டும். என் ஸ்டாண்டில் அந்தப் படம் "9 வோல்ட்" என்ற எழுத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்புப் படம், டார்ச் அடித்தால்தான் தெரியும். நான் டார்ச் அடித்தது எரிந்த பிறகு. சில ஸ்டாண்டுகளில் தலைகீழ் மின்சாரத்தைத் தடுக்க உள்ளே டயோடு இருக்கும், தப்பித்துவிடும். எங்களுடையதில் இல்லை.

இரண்டாவது தப்பு 12.8. கையில் எடுத்தால் கல் மாதிரி கனக்கும் பழைய வகை அடாப்டர்களுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். பலவற்றில் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் அமைப்பு கிடையாது. செருகிய சாமான் முழு அளவுக்கு மின்சாரம் இழுக்கும்போதுதான் 9 வரும், சும்மா இருக்கும்போது அதைவிட நிறைய ஏறி நிற்கும். இலேசான புதுவகை அடாப்டர்கள் சொன்ன வோல்ட்டிலேயே நிற்கும். அவற்றில் இன்புட் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கும், வீட்டில் வோல்டேஜ் இறங்கினாலும் சமாளிக்கும். எங்கள் பக்கம் மாலை ஆறு மணிக்கு மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிற மாவட்டம் இது. மாலையில் சூரியன் இருக்காது என்பது எனக்கும் தெரியும், அதைச் சொல்ல யாரும் வர வேண்டாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடாப்டர் சார்ஜ் ஏற்றுவதில்லை, அது வெறும் மின்சாரம் தருகிறது. பேட்டரிக்கு எவ்வளவு, எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்ப்பது ஸ்டாண்டுக்குள் இருக்கும் சர்க்யூட். அதனால் ஸ்டாண்டு கேட்கும் வோல்ட்டை அப்படியே கொடுங்கள். 9 கேட்டால் 9, 12 கேட்டால் 12. ஆம்பியர் மட்டும் கூட இருக்கலாம். "ரெண்டு ஆம்பியர் போட்டா எரிஞ்சிடும்" என்று பாலத்தடியில் ஒருவர் என்னிடம் சண்டையே போட்டார். ஐஸ் கம்பெனியில் பத்து டன் ஐஸ் இருக்கிறது என்பதற்காக நம் பெட்டியில் பத்து டன்னையும் கொட்டுவார்களா? கேட்டதைத்தான் தருவார்கள். ஆம்பியர் குறைந்தால்தான் வம்பு. அடாப்டர் சுடும், விளக்கு மினுக்கும், கொஞ்ச நாளில் அதுவும் போகும்.

டிசியா (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) ஏசியா (திசை மாறி மாறி ஓடுவது) என்றும் ஒரு பார்வை பாருங்கள். அவுட்புட் பக்கத்தில் நேர்க்கோடும் அதன் கீழே விட்டுவிட்டுக் கோடும் இருந்தால் டிசி. அலை மாதிரி இருந்தால் ஏசி, அதை டிசி கேட்கிற ஸ்டாண்டில் செருகாதீர்கள். பழைய மோடம் சிலவற்றின் அடாப்டர் அப்படித்தான்.

பின் பொருந்துவது கடைசிக் கேள்வி, அதிலும் ஏமாற்று உண்டு. வெளி அளவு 5.5 மில்லிமீட்டர் இருக்கும் பின்களில் உள் ஓட்டை 2.1 என்றும் 2.5 என்றும் இரண்டு வகை. ஸ்டாண்டின் குழிக்குள் நிற்கும் 2.1 ஊசிக்கு 2.5 பின்னைப் போட்டாலும் உள்ளே போய்விடும், பொருந்தியதாகத் தோன்றும், லேசாக அசைத்தால் விளக்கு அணையும். உங்கள் ஸ்டாண்டு யூ.எஸ்.பி. டைப்-சி என்றால் இந்தத் தலைவலியில் பாதி கிடையாது, நல்ல சார்ஜர் ஸ்டாண்டோடு பேசிக்கொண்டுதான் வோல்ட்டை ஏற்றும்.

மச்சினன் கேட்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "படகு பேட்டரியிலிருந்தே ஒயர் இழுத்துக் குடுத்தா என்ன மச்சான்?" 12 வோல்ட் பேட்டரி என்போம், இன்ஜின் ஓடும்போது 14-ஐத் தாண்டும். ஸ்டாண்டின் அடியில் 11 முதல் 16 வரை என்பதுபோல எழுதியிருந்தால் கொடுக்கலாம். 9 மட்டும் கேட்கும் ஸ்டாண்டுக்கு நடுவில் வோல்ட்டைக் குறைக்கும் ஒன்று வேண்டும்.

பெரியவர் ஸ்டாண்டைத் திறந்து, "உள்ள இருக்கிற ஐ.சி. சில்லு போயிருச்சு சார், இது இங்க கிடைக்காது" என்று மூடிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. புது ஸ்டாண்டும் அதற்கான அடாப்டரும் ஆன்லைனில் வரவழைத்தேன். அங்கே ஆரம்பித்தது அடுத்த கூத்து. கூரியர்காரர்கள் எங்கள் தீவைத் தொலைதூரப் பகுதி என்று வைத்திருக்கிறார்கள். நாடு முழுவதிலுமிருந்து தினமும் யாத்திரை பஸ் வருகிற ஊருக்கு ஒரு கைப்பிடி அடாப்டர் வராதாம். "ராமநாதபுரம் ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோங்க சார்." பாம்பன் பாலத்தில் ரயிலும் ஓடாத காலம் அது. போக வர அரை நாள், ஒரு விடுப்பு போயிற்று. டெலிவரி கட்டணம் மட்டும் முழுசாக வாங்கியிருந்தார்கள். இதைப் பற்றித் தனியாக யாராவது கேள்வி கேட்டால் விரிவாக எழுதத் தயார்.

அதற்குள் படகு போய்விட்டது. மச்சினன் இன்னொரு படகுக்காரரிடம் செட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனான். என் மனைவி அன்று இரவு கஞ்சி வைத்தாள், தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை. கீபோர்டு அடாப்டருக்கு ஒரு கேடும் இல்லை. இப்போதும் ஞாயிறு பூசைக்கு அதில்தான் வாசிக்கிறேன்.

உங்கள் ஸ்டாண்டின் அடிப்பக்கத்தையும் அந்த அடாப்டரின் எழுத்தையும் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். டார்ச் அடித்து எடுங்கள்.