ஏப்ரல் கடைசியில் லாஹௌல் போனால் பனியில் மாட்டிக்கொள்வோமா?

"மணாலி வழியாக லாஹௌல் போகிறோம், கோடையில் கூடவா பனி கொட்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொட்டும். இமாச்சலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கின் முக்கிய ஊரான கேலாங்கில் நான் நான்கு நாள் மாட்டிக்கொண்டது ஏப்ரல் மூன்றாவது வாரத்தில்தான்.

போய் இறங்கிய அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. நான் தங்கிய வீட்டுக்காரர் வயலில் மிச்சமிருந்த பனிமேல் கூடை கூடையாக மண்ணைத் தூவிக்கொண்டிருந்தார். வெள்ளையாகக் கிடந்தால் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மண் பட்டுக் கறுத்தால் சூடு பிடித்து உருகும், பட்டாணி விதைக்கலாம். அன்று ராத்திரியே புதுப் பனி பிடித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் கதவைத் தள்ள முடியவில்லை. வயல் எது, பாதை எது என்றும் தெரியவில்லை.

மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான் அங்கே குளிர்காலப் பனிக்குக் காரணம். ஏப்ரலிலும் அவை ஓய்வதில்லை. காற்று கொஞ்சம் சூடேறியிருப்பதால் ஈரம் அதிகம். டிசம்பர் பனி வறுத்த அரிசி மாவு என்றால், இது கிரைண்டரில் வழித்த இட்லி மாவு. ஒரு சதுர மீட்டரில் ஓரடி உயரத்துக்கு நின்றால் கிட்டத்தட்ட ஓர் ஆள் எடை. தட்டைக் கூரை தாங்காது என்று எல்லாரும் மேலே ஏறித் தள்ளினோம். அரை மணி நேரத்தில் என் இடுப்பு போய்விட்டது. எழுபது வயதுப் பாட்டி சிரித்துக்கொண்டே தள்ளினார்.

மூன்றாம் நாள் வெயில் வந்ததும் நான் கேமராவோடு கிளம்பினேன். வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். "பெய்து முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள் சார், இப்போதும் பயம்தான்." வெயிலில் உருகும் நீர் உள்ளே இறங்கி அடுக்குகளின் பிடியைத் தளர்த்திவிடும்; பிறகு சரிவு முழுதும் வழுக்கிக்கொண்டு வரும். மதியத்துக்கு மேல் எதிர்மலையில் இடி மாதிரி இரண்டு முறை கேட்டது. 1979 மார்ச்சில் இதே பள்ளத்தாக்கில் பனிச்சரிவுகளில் சுமார் 200 பேர் இறந்தார்கள். சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தது 2023 ஏப்ரல் 4 அன்று. இரண்டுமே நாம் 'குளிர் முடிந்தது' என்று நினைக்கும் மாதங்கள்.

நான்காம் நாள் பாதை திறந்தது. நான் கிளம்பும்போது அவர் மறுபடி மண்கூடையோடு வயலில் நின்றார்.

மணாலியிலிருந்து லாஹௌலுக்கு மலையைக் குடைந்து போட்டு 2020இல் திறந்த அடல் சுரங்கச் சாலை இருக்கிறதே என்பீர்கள். அந்த 9 கிலோமீட்டருக்குள் பனி விழாதுதான். அதன் இரண்டு வாயிலுக்கும் வரும் சாலைகள் மூடினால் என்ன செய்வீர்கள்? கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் ஏடிஎம்மும் போனும் போய்விடும், ரொக்கம் வேண்டும். பனி விட்ட மறுநாள் பயணமென்றால் விடியற்காலையில், அதுவும் உள்ளூர் டிரைவர் சரி என்றால் மட்டும். பைக் எண்ணம் இருந்தால் ஜூனுக்குத் தள்ளிவிடுங்கள்.