சூனியக்காரிகள் கொல்லச் சொல்லவில்லை

கேள்வி: என் மகள் தருமபுரியில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஆண்டு விழாவுக்கு ‘மக்பெத்’ நாடகம் போடுகிறார்கள். மக்பெத்தின் மனைவி வேடம் இவளுக்கு. கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். நாட்டுக்காகச் சண்டை போட்ட நல்ல வீரன். மூன்று சூனியக்காரிகள் ‘நீ ராஜாவாகப் போகிறாய்’ என்று ஆசை காட்டுகிறார்கள். பெண்டாட்டி தூண்டிவிடுகிறாள். ராஜாவைக் கொன்று கடைசியில் அவனும் அழிகிறான். விதியும் பெண்டாட்டி பேச்சும் சேர்ந்து ஒருவனைக் கெடுத்தால் அவன்தான் என்ன செய்வான்? குடியைக் கெடுக்கிற இந்த வேடத்தை என் மகள் போடத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: தாராளமாகப் போடட்டும் ஐயா. ஆனால் மக்பெத் மேல் குற்றமில்லை என்கிறீர்களே, அதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

சூனியக்காரிகளிடமிருந்தே தொடங்குவோம். அவர்கள் அவனை மூன்று பட்டம் சொல்லி வாழ்த்துகிறார்கள். கிளாமிஸ் பிரபு என்பது அவனிடம் ஏற்கெனவே இருப்பது. காடர் பிரபு என்பது அரசர் அவனுக்குக் கொடுத்துவிட்டது, சேதிதான் இன்னும் அவனுக்கு வந்து சேரவில்லை. மூன்றாவது, இனிமேல் அரசன். அவ்வளவுதான். ‘கொல்’ என்ற பேச்சே அவர்கள் வாயில் இல்லை.

நம் ஊர்ப்பக்கம் விடிவதற்கு முன்னால் குடுகுடுப்பைக்காரர் வாசலில் வந்து நிற்பார். ‘நல்ல காலம் பொறக்குது, இந்த வீட்டுக்கு மண்ணு சேரப்போகுது’ என்பார். வீட்டுக்காரம்மா முறத்தில் ராகியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அந்த வீட்டு மகன் மட்டும் பங்காளியின் வரப்பைத் திரும்பிப் பார்த்தான் என்றால், அதற்குக் குடுகுடுப்பைக்காரரையா பிடித்துக் கேட்பீர்கள்?

மக்பெத் அப்படித் திரும்பிப் பார்த்தவன். காடர் பட்டம் வந்த சேதி காதில் விழுந்த அந்த நிமிடமே அவன் மனத்தில் ஒரு கொலை ஓடுகிறது, தலைமயிர் குத்திட்டு நிற்கிறது. சொன்னவர் யாரும் இல்லை, அவனாக நினைத்தது. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறான்: எனக்கு முடி விதித்திருந்தால், நான் அசையாமலே அது என் தலையில் ஏறட்டும். ஆக, சும்மா இருப்பது என்ற வழியும் அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

பக்கத்தில் அவனோடு சேர்ந்து போரிட்ட தளபதி பாங்கோ நிற்கிறான். அவனுக்கும் ஆசை காட்டுகிறார்கள், ‘உன் வாரிசுகள் ஆளுவார்கள்’ என்று. அவனுக்கும் ராத்திரியில் கெட்ட எண்ணம் வருகிறது. ‘இந்தப் பாழும் நினைப்பை அடக்கு’ என்று தெய்வத்தை வேண்டிக்கொள்கிறான். ஒரே வாக்கைக் கேட்ட இரண்டு பேரில் ஒருவன் வேண்டிக்கொண்டான், ஒருவன் கத்தியைத் தேடினான். இதில் விதி எங்கே வந்தது?

ஷேக்ஸ்பியர் இந்த நாடகத்தைச் சுமார் 1606இல் எழுதினார். ஹாலின்ஷெட் என்பவரின் பெயரில் 1577இல் முதலில் வெளிவந்த வரலாற்றுத் தொகுப்பிலிருந்து கதையை எடுத்தார். அந்தப் பழைய கதையில் மக்பெத்துக்குச் சாக்குகள் நிறைய உண்டு. டங்கன் அரசர் மென்மையானவர், ஆளத் தெரியாதவர். மக்பெத்துக்கு அரியணையில் ஓர் உரிமையும் இருந்தது. பாங்கோவே அவனுக்கு உடந்தை. உண்மை வரலாற்றில் டங்கன் 1040இல் போரில் செத்தவர், மக்பெத் அதற்குப் பிறகு 1057 வரை 17 ஆண்டுகள் ஸ்காட்லாந்தை ஆண்டவன்.

இந்தச் சாக்குகளை ஷேக்ஸ்பியர் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுகிறார். டங்கனை நல்லவராக, வயதானவராக ஆக்குகிறார். பாங்கோவைக் குற்றத்திலிருந்து விலக்குகிறார். (அன்றைய அரசர் முதலாம் ஜேம்ஸ் பாங்கோ வழியில் வந்தவராகக் கருதப்பட்டார் என்பதும் ஒரு காரணம்தான்.) வீட்டுக்கு விருந்தாளியாக வந்து தூங்குகிற அரசரைக் கொல்லும் காட்சியை அதே தொகுப்பில் வேறோர் அரசரின் கதையிலிருந்து கொண்டுவந்து இங்கே சேர்க்கிறார். எழுதியவரே மெனக்கெட்டு ஒதுக்கிவைத்த சாக்குகளை நாம் ஏன் மறுபடி பொறுக்கிக்கொண்டு வர வேண்டும்?

அப்புறம் பெண்டாட்டி. அவள் தூண்டவில்லை என்று நான் சொல்லமாட்டேன். கோழை என்கிறாள், நீ ஆம்பளைதானா என்று கேட்கிறாள். ஆனால் அதற்கு முன்னால் அவன் தனியாக நின்று பேசுவதை உங்கள் மகளிடம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த அரசர் எனக்குச் சொந்தக்காரர், நான் இவருடைய குடி, இன்று என் வீட்டு விருந்தாளி. கொல்ல வருகிறவனுக்கு எதிராகக் கதவைச் சாத்த வேண்டியவன் நான், நானே கத்தியை எடுப்பதா? என்னைக் குத்தித் தள்ளுவதற்கு என் பேராசையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இவ்வளவும் அவன் வாயாலேயே வருகிறது. தன்மேல் தானே இப்படிக் குற்றப்பத்திரிகை எழுதிக்கொண்டவனை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அடுத்த நிமிடம் மனைவி வருகிறாள். ‘இது வேண்டாம்’ என்கிறான். சரி, என்ன காரணம் சொல்கிறான்? அரசர் இப்போதுதான் எனக்குக் கௌரவம் செய்தார், ஊரில் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன் என்கிறான். சொந்தம், விருந்தாளி, கதவு எதையும் அவளிடம் சொல்லவில்லை. பேர் கெட்டுவிடும் என்று தயங்குகிறவனைப் பேசி மடக்கிவிடலாம். பாவம் என்று தயங்குகிறவனை மடக்குவது அத்தனை சுலபமில்லை. கடைசியாக அவன் கேட்பது, ‘தோற்றுவிட்டால்?’ அந்தக் கேள்வியிலேயே அவன் சம்மதம் வந்துவிட்டது. கணவன் மறைத்துவைத்த வார்த்தைக்கு மனைவியை எப்படிப் பொறுப்பாக்குவது?

டங்கனுக்குப் பிறகு நடந்த கொலைகளில் அவளுக்குப் பங்கே இல்லை. பாங்கோவைக் கொல்ல ஆள் வைத்ததை அவளிடம் சொல்ல மறுக்கிறான், ‘உனக்குத் தெரியாமலே இருக்கட்டும்’ என்கிறான். தன்னை எதிர்க்கும் பிரபு மக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்விட்டான் என்று தெரிந்தும் அவன் வீட்டுக்கு ஆளை அனுப்புகிறான். அங்கே இருப்பது மனைவியும் பிள்ளைகளும். அம்மாவிடம் வாயாடிக்கொண்டிருந்த சின்னப் பையன் குத்துப்பட்டு விழும்போது, ‘நீ ஓடிப்போயிரும்மா’ என்கிறான். டங்கனைக் கொன்ற ராத்திரி ‘ஆமென்’ என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது என்று நடுங்கியவன்தான் இந்த உத்தரவைக் கொடுத்தவன். இனிமேல் மனத்தில் தோன்றுவதைக் கை உடனே செய்யும் என்கிறான். நீங்கள் சொல்லும் அழிவு கடைசியில் அவன் தலை விழுந்தபோது வந்தது. எனக்கோ அவன் இந்த இடத்திலேயே அழிந்துவிட்டான்.

நான் சின்ன வயதில் பென்னாகரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் 18 நாள் பாரதம் பார்த்து வளர்ந்தவன். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், நாங்கள் ஏறி நின்றால் அவன் விரல் உயரம்கூட இருக்கமாட்டோம். பீமன் வேடக்காரர் தொடையில் அடித்ததும் சிவப்புத் தண்ணீர் பீறிடும், பாஞ்சாலி கூந்தலை முடிவாள். ராத்திரி முழுக்க அவனைத் திட்டிய எங்கள் ஆயா அந்த நேரத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். துரியோதனனுக்கு மண்ணாசைதான், ஆனாலும் நாடு தனக்கே உரியது என்று கடைசிவரை நம்பினான். மக்பெத்துக்கு அந்த நம்பிக்கைகூடக் கிடையாது. வயசான காலத்தில் மரியாதை, அன்பு, கூட்டாளிகள் எல்லாம் இருக்க வேண்டும், எனக்கு அது கிடைக்காது, வாயளவில் மரியாதையும் அடிவயிற்றுச் சாபமும்தான் மிச்சம் என்கிறான். அவன் சொல்வதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதனால்தான் அவனைப் பார்த்து எனக்கு அழுகை வருகிறது. மன்னிக்க மட்டும் முடியவில்லை.

உங்கள் மகளின் வேடத்துக்கு வருகிறேன். முதல் அங்கத்தில் அவள், என் கத்தி தான் செய்த காயத்தைப் பார்க்காதபடி இருட்டே வந்து மூடு என்று கூப்பிடுகிறாள். கொலை முடிந்ததும், இரண்டாம் அங்கத்தில், கொஞ்சம் தண்ணீர் போதும், கறை போய்விடும் என்கிறாள். ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள், கறை போகவில்லை. அரேபியாவின் வாசனைத் திரவியம் அத்தனையும் இந்தச் சின்னக் கையை மணக்க வைக்காது என்கிறாள். பணிப்பெண் ஒரு விவரம் சொல்கிறாள்: அம்மா பக்கத்தில் எப்போதும் ஒரு விளக்கு எரிய வேண்டும், அது அவர் உத்தரவு. இருட்டைக் கூப்பிட்டவளுக்கு இப்போது விளக்கில்லாமல் முடியாது. குடியைக் கெடுக்கிறவள் என்று நீங்கள் ஒதுக்குகிற பெண் இவள்தான்.

ஒத்திகைக்கு பேட்டரி விளக்கு கொடுத்துவிடுவார்கள், அதைப் பிடித்தால் அந்த நடுக்கம் வராது. வீட்டில் பழைய சிம்னி விளக்கு பரணில் கிடந்தால் துடைத்து, திரி மாற்றிக் கொடுத்தனுப்புங்கள்.